தந்ததா, காட்டினதா?

ஒரு டீ கிளாஸைக்கூட விசாரணை இல்லாமல் கையில் வாங்காத மனிதர் கேரளத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே கடைக்காரர் கிளாஸை நீட்டினால் இவர் கையை நீட்டமாட்டார். "தந்ததா, காட்டினதா?" என்று கேட்பார். "தந்தேன் சாரே" என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குடித்து முடித்ததும் கிளாஸைத் திருப்பி நீட்டி, "பிடிச்சியா?" என்பார். "பிடிச்சேன்." "அப்ப விட்டேன்." அதற்குள் பின்னால் நாலு பேருக்கு டீ ஆறியிருக்கும்.

மேஜைமேல் பேனா கிடந்தாலும், மூலையில் குடை சாய்ந்திருந்தாலும், "இது ஆருக்க?" என்பார். யாருடையது என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கேட்போம். கேட்டுக் கேட்டே அவர் ஆருக்க சார் ஆகிவிட்டார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும்.

எங்கள் இருவருக்கும் ஊரான பாறசாலையில், சபையில் அவர் தங்கை பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது குழந்தையைப் போதகர் கையில் கொடுக்கும் பொறுப்பை இவரிடம் விட்டார்கள். "பிடிச்சியளா?" என்று கேட்டார். போதகர் தலையாட்டினார். "உறப்பா பிடிச்சியளா?" எத்தனையோ குழந்தைகளைத் தூக்கிய போதகர் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் கைகளையே குனிந்து பார்த்தார். "வாயால செல்லணும், செல்லாம நான் விடமாட்டேன்." சபை முழுக்க எழுந்து நின்றது. ஜெபத்துக்கு இல்லை, பயத்தில்.

இந்தக் கிறுக்கு அவருக்குத் தொழிலிலிருந்து வந்தது. நாங்கள் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதுகிறவர்கள். அதில் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று பைத்தானே கணக்கு வைத்துக்கொள்ளும். கடைசிக் கை விட்டதும் பொருளை அழித்து, இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். நிம்மதி. ஆனால் வேகம் வேண்டும் என்று அதற்கு அடியில் சி மொழிக்கு இறங்கி, பைத்தானின் வரிசை ஒன்றைத் தொட்டால் அந்தக் கணக்கு நம் தலையில் விழும். வரிசையிலிருந்து ஓர் எண்ணை எடுக்க இரண்டு வழி உண்டு. இரண்டின் பெயரும் கெட்ஐட்டம் என்றுதான் முடியும். முன்னால் சீக்வென்ஸ் என்று இருந்தால் எண்ணை நம் கையில் தந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் நாம் விட வேண்டும். முன்னால் லிஸ்ட் என்று இருந்தால் வெறுமே காட்டுகிறது. அதை விடும் உரிமை நமக்கு இல்லை. தந்ததை விடாமல் இருந்தால் குப்பை சேரும். காட்டியதை விட்டுவிட்டால், வரிசை நம்பிக்கொண்டிருக்கும் எண் அதற்கே தெரியாமல் செத்துப்போகும்.

ஆருக்க சார் இந்த வேலையில் முடி நரைத்தவர். நானோ எங்களோடு வேலை பார்க்கும் ஷேர்லியோ எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் நின்று, "இது ஆருக்க? ஆரு விடணும்?" என்பார். ஷேர்லி ஒருநாள், "சாரே, நான் கல்யாணம் கழிச்சாலும் மாப்பிளய காட்டினதா தந்ததான்னு கேப்பீரா?" என்றாள். "கேப்பேன்" என்றார், சிரிக்காமல்.

ஷேர்லிக்குக் கடற்கரை ஊரான பூவார். அவளுடைய அப்பா மீன்பிடி வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். பூவாருக்காகவே ஒரு வேலையை நாங்கள் செய்திருந்தோம். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கடலில் ஒரு மிதவை. அது அலை, காற்று எல்லாவற்றையும் அளந்து அனுப்பும். ஒரு லாட்ஜின் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும் பெட்டி அதைக் கணக்குப் போட்டு, அரைமணிக்கு ஒருமுறை ரேடியோவில் பேசும். வள்ளங்களில் கேட்கும் கருவி மட்டும் உண்டு. பதில் பேச முடியாது. பெட்டி பேசும் குரல் ஷேர்லியுடையது. எண்களையும் ஐந்தாறு வாக்கியங்களையும் அவள் முன்பே பேசிப் பதிந்து வைத்திருந்தாள். பூவார்க்காரர்கள் வானிலை அறிக்கையை நம்பமாட்டார்கள். ஷேர்லியை நம்புவார்கள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மத்தியானம். அவள் அம்மா போன் செய்தார். ஷேர்லி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மக்களே, உனக்க பெட்டி என்ன செல்லுது?"

ஷேர்லி திரையைப் பார்த்தாள். "அரை மீட்டர்கூட இல்லம்மா. வரலாம்னு செல்லுது."

"கரையில நிக்க முடியல்ல. ஆளுயரத்துக்கு மேல அடிக்குது. அப்பன் இன்னும் வரல்ல, கேட்டியா."

ஆருக்க சார் நாற்காலியோடு நகர்ந்து வந்தார். மிதவை அனுப்பிய எண்களைத் தனியாக எடுத்துப் பார்த்தார். அலை இரண்டு மீட்டருக்கு மேல். பெட்டி கணக்குப் போட்டுக் காட்டுவது பூஜ்யம் புள்ளி நாலு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெட்டிய நிறுத்து. பொய் செல்லுறதுக்குப் பதிலா வாய் மிண்டாம கிடக்கட்டு."

நான் நிறுத்தும் கட்டளையை அனுப்பினேன். பூவாரில் மழை, பெட்டிக்குப் போகும் இணைப்பு இழுத்துக்கொண்டே இருந்தது. அதற்குள் அடுத்த அரைமணி ஆகிவிட்டது. மேஜைமேல் இருந்த ரேடியோ பேசியது. "அலை பூஜ்யம் புள்ளி நாலு மீட்டர். கரைக்கு வரலாம்."

ஷேர்லியின் குரல். நிதானமான, இனிமையான குரல். ஷேர்லி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அதைக் கேட்டாள்.

பிறகுதான் பெட்டி தானாகப் பேசுவது நின்றது. ஆனால் கடைசியாகச் சொன்ன சொல் கடலில் நின்றது. வள்ளங்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் கரையைப் பார்த்துத் திரும்பும்.

சோதனைக்காக வைத்திருந்த மைக் ஒன்று உண்டு. இங்கிருந்து பேசினால் பெட்டி வழியாக ரேடியோவில் கேட்கும். ஆருக்க சார் அதை ஷேர்லி முன்னால் வைத்தார். "பேசு. நிறுத்தாம பேசு."

"அப்பா, இது மெஷின் இல்ல, நானாக்கும். கரைக்கு வராண்டாம். விழிஞ்ஞம் ஹார்பருக்குப் போங்க. அப்பா, கேக்குதா?"

அவள் சொன்னது எங்கள் ரேடியோவில் திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் இரைச்சல். சொற்கள் உடைந்து, நடுவில் அறுந்து வந்தன. பேச்சை இந்த இணைப்பு தாங்காது. சின்னக் கோப்பு என்றால் திரும்பத் திரும்ப அனுப்பிப் போய்ச் சேர்த்துவிடலாம். பெட்டி தானாக உண்மையைச் சொல்லத் தொடங்கினால்தான் வழி.

"கணக்குப் பகுதிய எடு. ஒவ்வொரு வரியா வாயி" என்றார் என்னிடம். கண்களை மூடிக்கொண்டார்.

நான் வாசித்தேன். பக்கத்தில் ஷேர்லி பேசிக்கொண்டே இருந்தாள். அப்பா, வராண்டாம். அப்பா, விழிஞ்ஞம். நான் குரலை உயர்த்தி வாசித்தேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் "சரி", "சரி" என்றார்.

"அலையோட எண்ண எடுக்குது. லிஸ்ட் கெட்ஐட்டம்."

"காட்டினது. அடுத்து?"

"சின்னக் கணக்கு ஒண்ணு. அதுக்குப் பொறவு, அந்த எண்ண விடுது."

அவர் கண்ணைத் திறந்தார்.

"காட்டினத எப்பிடிடே விடும்?"

மூவருக்கும் அந்த நொடியே புரிந்துவிட்டது. காட்டியதை விட்டுவிட்டதால் அலையின் எண் செத்தது. காலியான இடத்தில் அடுத்து வந்த எண் போய் உட்கார்ந்தது. அடுத்து வருவது மிதவையின் சிக்னல் பலம். அதைத்தான் பெட்டி அலை என்று நினைத்து, ஷேர்லியின் குரலில் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கடல் அடங்கிக் கிடந்த நாட்களில் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நானாக்கும். போன வாரம் வேகம் கூட்டணும்னு சீக்வென்ஸ எடுத்துட்டு லிஸ்ட்ட வச்சேன். கீழ கிடந்த விடுற வரிய எடுக்கல்ல. ஆரும் பாக்கல்ல. எனக்க வரிய ஆரு பாக்கும்?"

ஷேர்லி ஒரு கணம் பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தாள். பிறகு மைக் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அப்பா, வராண்டாம்."

"அந்த வரிய நீ அழி" என்றார். அழித்தேன். கோப்பை அனுப்பினேன். போகவில்லை. மறுபடி அனுப்பினேன். பாதியில் அறுந்தது. அவர் ஜன்னலருகே போய் நின்றார். பஸ் ஸ்டாண்டில் பூவார் பஸ் நனைந்துகொண்டு நின்றது. மறுபடி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது.

பெட்டி உயிர் பெற்றுப் பேசியது. "அலை இரண்டு புள்ளி மூன்று மீட்டர். கரைக்கு வரவேண்டாம். விழிஞ்ஞத்துக்குப் போகவும்." அப்போதுதான் ஷேர்லி மைக்கைக் கீழே வைத்தாள். அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டிருந்தது.

இருட்டுமுன் விழிஞ்ஞத்திலிருந்து அவளுடைய அப்பா அழைத்தார்.

"வரலாம்னு கேட்டு வள்ளத்தத் திருப்பிட்டேன் மக்களே. பொறவு ஒரே கரகரப்பு. அதுக்குள்ள அப்பான்னு ஒரு சத்தம். உனக்க மெஷின் ஒருநாளும் என்னய அப்பான்னு விளிச்சதில்லையே. அங்கேயே நின்னுட்டோம். அடுத்த தடவ பெட்டி தெளிவா செல்லிச்சு, போனோம்."

ஒரு வள்ளம் மட்டும் முந்திவிட்டது. கரைக்கு அருகே வந்து கவிழ்ந்தது. எல்லோரும் நீந்தி ஏறினார்கள். ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்தது.

மறுநாள் ஆருக்க சார் ஆபீசுக்கு வரவில்லை. பூவாருக்குப் போய், அந்த மனிதர் வீட்டு வாசலில் நின்று, தப்பு தன்னுடையது என்று சொல்லியிருக்கிறார். சி என்றும் பைத்தான் என்றும் அவர் அழுதுகொண்டே விளக்க, கட்டுப் போட்ட மனிதருக்கு ஒன்றும் புரியாமல், இவருக்கு வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து அவரைத் தேற்றி அனுப்பினாராம்.

அதற்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு இறங்கவில்லை. போனை எடுக்கவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினால் அவர் தங்கை வந்து உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் ஷேர்லி அப்பாவைக் கூட்டிக்கொண்டு பாறசாலைக்கு, அவர் வீட்டுக்கு வந்தாள்.

அவர் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவளுடைய அப்பா வெளியே நின்று, வள்ளத்திலிருந்து கரையைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "சாரே, நான் உயிரோட நிக்கேன். வந்து பாரும்."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ஆருக்க சார் சவரம் செய்யாத முகத்தோடு அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவும் செய்தார்.

ஷேர்லி சொன்னாள்: "இனி உமக்க வரிய நான் பாப்பேன் சாரே. நாளைக்கு வாரும்."

"பாப்பியா?"

"பாப்பேன். குத்தம் செல்லுவேன்."

"செல்லணும்" என்றார்.

மறுநாள் காலை பாறசாலை ஸ்டாப்பில் நின்றிருந்தார். நெய்யாற்றின்கரை வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பஸ் நின்றதும் கூட்டம் முட்டிக்கொண்டு இறங்கியது. எனக்குப் பின்னால் இறங்கிய ஆருக்க சார், தந்ததா காட்டினதா என்று கேட்காமலே என் தோளில் கையை ஊன்றிக்கொண்டார். கண்டக்டர் இரண்டு தடவை விசிலடித்தார். நான் ஒவ்வொரு படியாக, மெதுவாகவே இறங்கினேன்.