முடிவெடுக்காதவர்கள் மூலை

இந்தத் தடவை பிரதிநிதி ஆகாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது கட்டிய முடிவு. பாதிக் கன்னத்தில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்து, "மாவட்டப் பிரதிநிதி வெர்லின் ஓல்ட்மன்" என்று கம்பீரமாகச் சொல்லிப் பார்த்தேன். தாடையைக் கீறிக்கொண்டதுதான் மிச்சம்.

சிலருக்குக் குடி, சிலருக்குச் சீட்டு. எனக்குக் கட்சித் தேர்தல். அமெரிக்காவுக்கு யார் அதிபர் என்பதில்கூட எனக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. அதற்கு முன்னால் கட்சிக்குள்ளேயே யார் யாரைக் கவிழ்க்கிறார்கள் என்பதில்தான் உயிர். நியூ ஹாம்ப்ஷயர் கருத்துக்கணிப்பில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் கல்யாண நாளை விழித்திருக்கும்போது கேட்டாலும் சொல்ல வராது. கனடாவில் எனக்கு ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது. ஆனாலும் அங்கே ஒரு கட்சி தலைவரைத் தேர்ந்தெடுத்தால் நான்காம் சுற்று எண்ணிக்கைவரை நகம் கடித்துக்கொண்டு பார்ப்பேன்.

அயோவாக்காரனுக்கு இது வியாதி இல்லை, ஊர்த் தண்ணீர். நாலு வருஷத்துக்கு ஒரு முறை, ஜனவரிக் குளிரில், நாட்டிலேயே முதலில் கூடி அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாங்கள்தான். அதற்குக் காக்கஸ் என்று பேர். சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் தேறாத மூலை கலைய வேண்டும். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம். தேறிய மூலைகள் மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதிகளை அனுப்பும்.

நான் ஏழு காக்கஸில் நின்றவன். இருபத்தெட்டு வருஷம். ஏழு தடவையும் என் மூலை கலைந்தது. எங்கள் டெல்வின் ஊரில் யார் ஜெயிப்பார்கள் என்று பந்தயம் கட்டுகிறவர்கள் முதலில் என்னிடம் வந்து கேட்பார்கள். நான் சொல்லும் ஆளை விட்டுவிட்டு மற்றவர்மேல் கட்டுவார்கள். ஒரே ஒரு தடவை அந்தப் பிரதிநிதி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாநாட்டுக்குப் போக வேண்டும். அறுபத்து மூன்று வயதில் இதற்கு ஏங்குகிறேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏங்கினேன்.

இந்த முறை என் வேட்பாளர் கவர்னர் ஆடெல் ப்ரெஸ்காட். எங்கள் வட்டாரத்தில் அவருக்கு நான்தான் கேப்டன். பட்டியலில் என்னையும் சேர்த்துப் பதினேழு பேர். பதினைந்து தேவைப்படும். இரண்டு பேர்தான் உபரி. ஜலதோஷம் வந்தால் போச்சு. ஆகவே ஒரு திட்டம் போட்டேன்.

திட்டத்தின் பெயர் ஸ்காட்சரூ. கடலை வெண்ணெயும் பொரியும் பாகில் பிசைந்து, மேலே சாக்லேட்டை ஊற்றிச் சதுரமாக வெட்டுவது. அதை என் மனைவி லவோன் செய்தால் ஊரே வரிசையில் நிற்கும். என் மூலையில் அந்தத் தட்டு இருந்தால் ஊர் என் மூலையில் நிற்கும். ஒரே ஒரு இடைஞ்சல். லவோனுக்கு அரசியல் என்றாலே ஆகாது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தவள். "பொறக்கும்போது ஒழுங்காத்தான் அழுதானுங்க, இப்ப மேடையில அழறானுங்க" என்பாள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வார்டை மூடிவிட்டார்கள். அதோடு தலைவர்கள் பேச்சை எடுத்தாலே சமையலறைக் கதவையும் மூடிவிடுவாள்.

"லவோன், திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்துல ஒரு கூட்டம். ரெண்டு தட்டு ஸ்காட்சரூ செஞ்சு தர்றியா?"

"என்ன கூட்டம்?"

"பள்ளிக்கூடத்துல ஓட்டு விஷயமா."

"ஓட்டு விஷயமா?"

"ஆமா, கூரை ஓடு. ஒழுகுதாம்."

"இந்தப் பனியில ஒழுகுதா?"

"பனி உருகினா ஒழுகுமில்ல?"

பாருங்கள், நான் முழுப் பொய் சொல்லவில்லை. ஓட்டு விஷயம்தான். என்ன ஓட்டு என்பதில்தான் கொஞ்சம் ஒழுகல்.

"பசங்க நனையக் கூடாது. நானே எடுத்துட்டு வந்து பரிமாறுறேன்" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டோடு ஒரு தலையும் கிடைக்கிறது. பதினெட்டாவது தலை! ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளியே உறைகிற குளிர். கார் சாவி என் பையில். என்னோடு நிற்காமல் எங்கே போவாள்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யாரும் மெச்சியதில்லை.

திங்கட்கிழமை. அரங்கு வாசலில் பதாகைகளைப் பார்த்ததும் லவோன் நின்றாள்.

"வெர்லின், இதுதான் கூரை ஓடா?"

"நான் ஓட்டு விஷயம்னுதானே சொன்னேன்..."

"ஒழுகுதுன்னு சொன்னியே, அது உன் மண்டையா?"

"வந்ததும் வந்துட்டே. நம்ம மூலைக்கு வா."

"மூளை இருக்கறவ அந்த மூலைக்கு வருவாளா?"

சொல்லிவிட்டு நேரே கூட்டத் தலைவி வாவ்ராவிடம் போனாள். அவர் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"யாரையும் பிடிக்காதவங்க எங்க நிக்கணும்?"

"முடிவெடுக்காதவங்க மூலைன்னு ஒண்ணு உண்டு. அதோ, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழ. ஆனா யாரும் போறதில்ல."

"நான் போறேன்." போனாள். இரண்டு தட்டையும் மேஜைமேல் வைத்தாள். அலுமினியத் தாளைப் பிரித்தாள்.

வாசனை அரங்கைக் கடந்து வந்தது. என் பக்கத்து வீட்டு டுவேன் ஹ்ருஸ்கா, என் பட்டியலில் இரண்டாவது பெயர், மூக்கைத் தூக்கினான்.

"அது ஸ்காட்சரூ தானே?"

"அந்தப் பக்கம் பாக்காதே. நில்லு."

"சும்மா ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேம்ப்பா."

ஒரு எட்டு போனவன் எட்டாமல் போனான். அவன் பின்னால் என் பட்டியலில் இன்னும் இரண்டு பேர். இழுத்துவர நானே போனேன். அங்கே லவோன் பேசிக்கொண்டிருந்தாள்.

"உன் மருமகளுக்கு எப்போ, டுவேன்?"

"மார்ச்சுல."

"எங்க?"

"அம்பது மைல் போகணும். பனிப்புயல் வந்தா என்ன பண்றதுன்னு பையன் இப்பவே தூங்கறதில்ல."

"உங்க கவர்னரம்மா அந்த வார்டைப் பத்தி என்ன சொல்றாங்க?"

டுவேன் வாயில் ஸ்காட்சரூவோடு என்னைப் பார்த்தான். "என்ன சொல்றாங்க, வெர்லின்?"

எனக்கு ப்ரெஸ்காட்டின் எல்லாக் கணிப்பும் அத்துப்படி. இது மட்டும் தெரியவில்லை. "போன வாரத்துல ரெண்டு புள்ளி ஏறியிருக்காங்க" என்றேன்.

"நான் புள்ளியக் கேக்கல, வெர்லின். புள்ளையக் கேக்கறேன்" என்றாள் லவோன்.

சிரித்தார்கள். சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நின்றும் விட்டார்கள்.

எண்ணிக்கை முடிந்தது. மொத்தம் தொண்ணூற்றாறு பேர். பதினைந்து தேவை. ப்ரெஸ்காட் மூலை: பதினாலு. முடிவெடுக்காதவர்கள்: ஒன்பது. இரண்டும் தேறவில்லை. "பதினஞ்சு நிமிஷம். இடம் மாறலாம்" என்றார் வாவ்ரா டீச்சர்.

ஒரே ஒரு ஆள்! அந்த ஒரு ஆள் என் வீட்டில் என் சூப்பைக் காய்ச்சுகிற ஆள். ஓடினேன்.

"லவோன், ஒரே ஒரு தலை. நீ வந்தா போதும்."

"நீ வாயேன்."

"நான் கேப்டன்!"

"கப்பல் முழுகுறப்ப கேப்டன் எங்க நிப்பான்?"

"கடைசிவரைக்கும் கப்பல்லதான்."

"அப்ப நில்லு. மத்தவங்களையாவது படகுல ஏற விடு."

"இருபத்தெட்டு வருஷம், லவோன்." கெஞ்சினேன். நடிக்கவில்லை.

அவள் குரல் இறங்கியது. "தெரியும். ஏழு தடவையும் வீட்டுக்கு வந்து சூப்பைக்கூடத் தொடாம உக்காந்திருந்தது யாருக்குத் தெரியும்? எனக்குத்தானே. நீ பொய் சொல்லாம கேட்டிருந்தா, முகத்தைச் சுளிச்சுக்கிட்டாவது வந்து நின்னிருப்பேன்."

"இப்ப வாயேன்!"

"இப்ப முடியாது. இந்த எட்டுப் பேர் என் கேள்விக்காக நிக்கறாங்க. இவங்கள விட்டுட்டு வந்தா நானும் தலைவர் ஆயிடுவேன்."

திரும்பினேன். என் மூலையில் யாருமில்லை. நாலு பேர் எதிர் வேட்பாளர் செனட்டர் கில்மோரின் மூலைக்குப் போயிருந்தார்கள். ஒன்பது பேர் லவோனின் இரண்டாவது தட்டைச் சுற்றி நின்றார்கள். ப்ரெஸ்காட்டின் பதாகைக்குக் கீழே நான் ஒண்டியாக மூன்று நிமிஷம் நின்றேன். பிறகு பதாகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூடைப்பந்து வளையத்தை நோக்கி நடந்தேன். கை தட்டினார்கள். அது இன்னும் மோசம்.

முடிவெடுக்காதவர்கள், பத்தொன்பது! மூலை தேறியது. ஒரு பிரதிநிதி.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பிரதிநிதி! எந்த மூலையாக இருந்தால் என்ன? இங்கே விதிமுறை தெரிந்தவன் நான் ஒருவன்தானே? கையைத் தூக்கினேன். "நான் நிக்கறேன்." நாலு நிமிஷம் விதிமுறைகளைப் பற்றி உரையாற்றினேன். ஒருவர் கொட்டாவி விட்டார். அது பரவி மற்றவர்களுக்கும் தொற்றியது.

"லவோன் நிக்கட்டும்" என்றான் டுவேன்.

"எனக்கு மாநாடு கீநாடு எல்லாம் என்ன தெரியும்?" என்றாள் அவள்.

"என் ரெண்டு பொண்ணுங்களும் உங்க கையிலதான் பொறந்தாங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் ஒரு பெண்.

லவோனுக்குப் பதினேழு ஓட்டு. எனக்கு இரண்டு. ஒன்று நான் போட்டது. இன்னொன்று யார் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"நான்தான். பாவமா இருந்துச்சு" என்றாள் லவோன்.

விஷயம் இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மாநிலத்தில் ப்ரெஸ்காட்டும் கில்மோரும் கிட்டத்தட்டச் சமம். ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்த பிரதிநிதியை யார் சீந்துவார்கள்? முடிவெடுக்காத பிரதிநிதிக்குத்தான் கிராக்கி. எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் பாய்ந்து எடுப்பேன். "தம்பி, வீட்டுல பெரியவங்க இருக்காங்களா?" என்று கேட்டான் கில்மோர் அலுவலகத்துப் பையன். பிறகு செனட்டர் கில்மோரே அவளோடு இருபது நிமிஷம் பேசினார். பேசினார் என்பது மரியாதைக்கு. கேட்டார். லவோன் ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே பிரசவ வார்டைப் பற்றிச் சொன்னாள். நான் தொலைபேசியை அவள் காதில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரியில் ஒரு நாள், கவர்னர் ப்ரெஸ்காட்டே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருவதாகத் தகவல். என் கவர்னர்! என் வீட்டுக்கு! வாசலில் பனியை வாரினேன். டை கட்டினேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன்: பதினாலு பேரை உங்களுக்காக நிறுத்திய கேப்டன் நான்தான்.

மணி அடித்தது. கதவைத் திறந்தேன். சாட்சாத் அவரேதான். படத்தில் பார்த்ததைவிட உயரம் கம்மி. கையை நீட்டினேன். "கவர்னர், நான் வெர்லின் ஓல்ட்மன். உங்க டெல்வின்..."

"ரொம்ப நன்றி" என்று அன்பாகச் சிரித்தார். கம்பளிக் கோட்டைக் கழற்றி என் நீட்டிய கையில் போட்டார். "பிரதிநிதி உள்ள இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைப் பக்கம் நடந்தார்.

கோட்டையைப் பிடிக்க இருபத்தெட்டு வருஷம் அலைந்தவன், கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.