ஆறு வளையம் விழுந்த மூங்கில்

அன்று மதியம் மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: எழுபத்தோரு வயது யசோகிச்சி, அவர் மனைவி கினுயே, செண்டாய் நகரத்திலிருந்து வந்திருந்த மகள் மசேயோ, பக்கத்து வீட்டு குமஜிரோ. மனிதர் நாலு. அடுப்போரம் பூனை ஒன்று. கொல்லையில் மூங்கில் ஐம்பத்தெட்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களோடு மூங்கில்களையும் சேர்த்து எண்ணுவது யசோகிச்சியின் வழக்கம்.

மே மாதம் மூன்றாவது ஞாயிறு. கடற்கரை ஊர்களில் மூங்கில் குருத்து தோண்டி முடித்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இந்த மலையூரில் அப்போதுதான் ஆரம்பம். வடக்குச் சரிவில் இன்னும் பழைய பனி கிடந்தது. மிசோ என்கிற சோயா விழுதும் அரிசி மதுச் சக்கையும் கரைத்து, பொரித்த டோஃபு சேர்த்த குருத்துக் குழம்பு கிண்ணங்களில் ஆவி பறந்தது.

யசோகிச்சி நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவர். அன்று யாரும் அவரைப் பேசாமல் இருக்க விடவில்லை. பேச்சு முழுக்க அவருடைய முறிந்த காறை எலும்பைப் பற்றியது.

பிப்ரவரியில் ஒரு மூங்கில் பனிச்சுமை தாங்காமல் வில்லாக வளைந்து, தலை தரையில் புதைந்து கிடந்தது. அவர் போய் அதைத் தட்டி விடுவித்தார். அது நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் அவரையும் கூடவே தூக்கி எறிந்தது. மார்பளவுப் பனியில் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி நின்றவரை, குமஜிரோ ஏணியைப் படுக்கப் போட்டு உருவி எடுத்தான்.

"எல்லாத்தையும் வெட்டிடுங்கப்பா," என்றாள் மசேயோ. "கூரை வரைக்கும் பனி விழுற ஊர்ல மூங்கில் வளக்குறது நீங்க ஒருத்தர்தான்."

"அதனாலதான் வளக்குறேன்."

"அண்ணே, அது உங்களை வீசின தூரத்தை நான் அளந்தே பாத்தேன். பதினாலு அடி," என்றான் குமஜிரோ.

"பதிமூணு," என்றார் யசோகிச்சி.

கினுயே குறுக்கே வந்தாள். "எதுக்குச் சண்டை? அவரோட சட்டப்படியே நடக்கட்டும்."

சட்டம் இதுதான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கழிக்கு ஒரு வெள்ளைப் பெயிண்ட் வளையம். ஆறு வளையம் விழுந்தால், அடுத்த வருஷம் பனிக்கு முன்னால் வெட்டு. வயதான கழி பனியில் பிளந்துவிடும்.

"அப்போ, ஆறு வளையம் இருந்தா வெட்டணும். எத்தனை கழியா இருந்தாலும்?" என்று கேட்டாள் கினுயே.

"எத்தனையா இருந்தாலும். ஒண்ணுலேருந்து அஞ்சு வளையம் வரைக்கும் இருக்குறதை யாரும் தொடக்கூடாது."

"நீங்ககூட?"

"நான்கூட."

"நாலு பேர் முன்னாடி சொல்லிட்டீங்க."

"மூணு பேர். என்னை எண்ணக்கூடாது."

கினுயே கேட்காமலே அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அன்று மாலை தாழ்வாரத்தில் உட்கார்ந்து கொல்லையைப் பார்த்தார். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கடற்கரையோரத்து வெந்நீர் ஊற்று ஊரிலிருந்து கினுயே கல்யாணமாகி வந்தபோது, ஈர வைக்கோலில் சுற்றி ஒரு மூங்கில் வேர் கொண்டுவந்தாள். "இங்கே முள்ளங்கியே நின்ற நிலையில் உறைந்துபோகும்" என்று அவர் அப்பா சிரித்தார். யசோகிச்சி மண்வெட்டியை எடுத்தார். தாழ்வாரத்தை ஒட்டி, வடகாற்று படாத இடமாகப் பார்த்து நட்டார். குளிருக்கு முன்னால் உமியும் வைக்கோலும் முழங்கால் உயரம் போர்த்தினார். முதல் வருஷம் குருத்து இல்லை. இரண்டாம் வருஷம் வந்தது விரல் பருமன், பனியில் செத்தது. ஆறாம் வருஷம்தான் ஆளுயரம் தாண்டி ஏழு கழி நின்றது.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் காலை, இரண்டு பேரும் போய் அந்த ஏழையும் உலுக்கினார்கள். ஏழாவதன் பனி மொத்தமும் கினுயேயின் கழுத்துக்குள் போய்விட்டது. அவள் நிற்க முடியாமல் பனியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். யசோகிச்சி மூங்கில் கணக்கு நோட்டில் 'ஏழு' என்று எழுதினார். அந்தச் சிரிப்பையும் எழுதிவைக்க ஆசைதான். எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

நவம்பர் வந்தது. ரம்பத்தோடு கொல்லையில் இறங்கினார். நோட்டுப்படி வெட்ட வேண்டியது ஒன்பது. ஒன்பதும் விழுந்தன. திரும்பும்போது பத்தாவதாக ஒன்றில் ஆறு வளையம் தெரிந்தது. கிட்டப் போனார். அந்தக் கழியை அவருக்கு நன்றாகவே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவர் மறந்து விட்டுப்போன மரச்செருப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு முளைத்தது அது. அதற்கு இரண்டு வளையத்துக்கு மேல் இருக்க நியாயமில்லை. பக்கத்தில் பார்த்தார். ஆறு. அதற்குப் பக்கத்தில். ஆறு. கொல்லை முழுக்க ஆறு ஆறாக நின்றது. அவர் போடும் வளையத்தில் பெயிண்ட் ஒழுகாது. இவற்றில் ஒழுகியிருந்தது.

"கினுயே!"

"என்னங்க?"

"என்னைக்குப் போட்டே இதை?"

"வியாழக்கிழமைல. தோள்பட்டை வைத்தியத்துக்குப் பஸ்ல போய்ட்டு வர உங்களுக்கு மூணு மணி நேரம் ஆகுதே."

"நீ ஒருத்தியாவா?"

"குமஜிரோ டப்பாவைப் பிடிச்சுக்கிட்டான். அவனுக்கு முள்ளங்கி காயப்போடக் கழி வேணுமாம்."

வேலிக்கு அப்பால் அதுவரை நின்றிருந்த குமஜிரோவின் தொப்பி சட்டென்று குனிந்து மறைந்தது.

"இது மோசடி! வளையம் நான்தான் போடணும்."

"அன்னைக்கு அப்படிச் சொல்லலையே? ஆறு வளையம் இருந்தா வெட்டணும்னீங்க. பூனைகூடக் கேட்டுச்சு."

"உன் அம்மா வீட்டு மூங்கில்டி இது!"

"ஆமா, என் அம்மா வீட்டு மூங்கில்தான். அதுக்காக என் வீட்டுக்காரரைத் தூக்கிக் குடுக்க முடியுமா? அன்னைக்கு இழுத்தப்போ முதல்ல என் கையோட வந்தது உங்க பூட்ஸ் மட்டும்தான். ஆளைக் காணோம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

சொன்ன சொல்லை மாற்றி யசோகிச்சிக்குப் பழக்கம் இல்லை. திரும்பவும் கொல்லையில் இறங்கினார். ஆறு நாள் வெட்டினார். மொத்தம் ஐம்பத்தொன்று. குமஜிரோ அவற்றைச் சுமந்துபோனான்.

தாழ்வாரத்தை ஒட்டி, முதன்முதலில் வேர் நட்ட இடத்தில் நின்றவற்றுக்கு மட்டும் அதனதன் வயதுக்குரிய வளையமே இருந்தது. அவற்றைக் கினுயே தொடவில்லை. எண்ணிப் பார்த்தார். ஏழு. ஏன் அந்த ஏழு என்று ஜனவரியில்தான் புரிந்தது. தாழ்வாரத்தை விட்டு இறங்காமலே, நீளத் துடைப்பத்தால் தட்டினால் எட்டுகிற தூரம். அவர் தட்டினார். பனி கினுயேயின் தலையில் விழுந்தது. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பேதான், கொஞ்சம் இருமலோடு.

ஆனாலும் அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. பெயிண்ட் டப்பாவை ஒளித்துவைத்தார். மே மாதம் புதிதாகப் பதினோரு குருத்து முளைத்தது. ஒன்றையும் தோண்டாமல் விட்டால் ஆறே வருஷத்தில் பழையபடி காடு. ரகசியமாகக் கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட்டார்.

மூன்றாவது ஞாயிறு வெந்நீர்க் குளியலுக்குப் போய்விட்டு வந்தார். மேசையில் குழம்பு ஆவி பறந்தது. மசேயோவும் குமஜிரோவும் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தனை தோண்டினே?"

"பதினொண்ணு."

"பதினொண்ணுமா! சட்டம் என்ன ஆச்சு?"

"சட்டப்படிதாங்க. ஒண்ணுலேருந்து அஞ்சு வளையம் வரைக்கும் இருக்குறதைத் தொடக்கூடாது." கினுயே கரண்டியைக் கையில் எடுத்தாள். "இதுங்களுக்கு ஏது வளையம்?"

குமஜிரோ கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். யசோகிச்சி கிண்ணத்தை நீட்டினார்.

மனிதர் நாலு. பூனை ஒன்று. மூங்கில் ஏழு.