கைப்பையில் மிளகாய்த்தூள்

பயந்தாங்கொள்ளிக்கு முன்னெச்சரிக்கைதான் முதல் எதிரி. இதை நான் கல்யாணத்துக்கு முன்பே, பாண்டிச்சேரி கடற்கரைப் பக்கம் ஒரு காபிக் கடையில், கண்ணீர் வழிய வழியத் தெரிந்துகொண்டேன்.

அப்போது வில்லியனூரிலிருந்து தினமும் டவுனுக்கு வேலைக்குப் போய்வந்தேன். என் தோழி கலா என் போனில் ஒரு டேட்டிங் ஆப்பை ஏற்றிவிட்டாள். அதில் பழக்கமானவன் தினேஷ். ஊர் கேட்ட இடத்தில் அவனும் ‘பாண்டி’, நானும் ‘பாண்டி’. (அவன் ஊர் கரிக்கலாம்பாக்கம். கிராமம் என்று சொன்னால் மதிப்புப் போய்விடுமாம், இருவருக்கும்.) இரண்டு மாதம் ஆங்கிலத்திலேயே மெசேஜ் ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை நேரில் பார்ப்பதாக முடிவானது.

“ஆள் எப்டின்னு தெரியாது. இத வெச்சிக்கடி,” என்று கலா ஒரு மிளகாய்த்தூள் பொட்டலம் கொடுத்தாள். கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

காபிக் கடையில், சொந்தக்காரர் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அவன் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்ததால் தலையைத் திருப்ப முடியாமல் இருந்தான்.

“நைஸ் பிளேஸ்,” என்றான்.

“வெரி நைஸ்,” என்றேன்.

இருவரிடமும் இருந்த ஆங்கிலம் அத்தோடு தீர்ந்தது. (அத்தனை மெசேஜையும் எழுதியது யார் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.)

வியர்த்துக் கொட்டியது. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தேன். பொட்டலம் எப்போதோ அவிழ்ந்திருக்கிறது.

நான் போட்ட அலறலில் காபி கொண்டுவந்த பெண் ஓடிவந்து தினேஷை முறைத்தாள். “அந்தப் பொண்ண இன்னா சார் பண்ணீங்க?”

“ஐயோ, ஒண்ணுமே பண்லங்க! சரியா பேசக்கூட இல்ல!”

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டான். அவன் அப்பாவின் குரல் கடையையே நிறைத்தது.

“டேய், நாளைக்கு நெட்டப்பாக்கத்துல குலசாமிக்குப் பொங்கல். பங்காளிங்க எல்லாம் வராங்க. எட்டிமரத்து முனீஸ்வரனுக்குச் சுருட்டு வாங்கிக்கினு வாடா!”

கண்ணைத் திறக்க முடியாமலே, “எந்த முனீஸ்வரன்?” என்றேன். எங்கள் வீட்டிலும் மறுநாள் அங்கேதான் கிளம்புகிறார்கள். ஒரே குலசாமி என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தங்கை.

அவன் என் அப்பா பேரைக் கேட்டான். சொன்னேன்.

“சின்ன வயசுல அந்தக் கோயில்ல மொட்டையடிக்கச் சொல்ல பாதியில எழுந்து ஓடுனது நீயா?”

“ஆமாம்.”

கழுத்துப் பட்டனைக் கழற்றி மூச்சு விட்டான். “அப்பாடா, தங்கச்சி! இன்னும் ஒரு வார்த்த இங்கிலீஷ் பேசியிருந்தா செத்திருப்பேன். மூஞ்சியக் கழுவிக்கினு வா, புரோட்டா துன்னலாம்.”

எனக்கும் தோளிலிருந்து நெல்மூட்டை இறங்கியதுபோல் இருந்தது. மறுநாள் பொங்கலில் பெரியவர்கள் எங்களை முறைப்படி அறிமுகம் செய்துவைத்தார்கள். முதன்முறை பார்ப்பவர்கள்போல் வணக்கம் வைத்துக்கொண்டோம்.

கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லாத எனக்கு, கல்யாணத்தில் அண்ணனாக நின்றதும் அவன்தான். ஆனால் அந்த ஆப் விஷயத்தை என் கணவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சொன்னால் என்ன நினைப்பாரோ, சொல்லாமல் தெரிந்தால் இன்னும் என்ன நினைப்பாரோ என்று மகள் பிறந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் காட்டேரிக்குப்பத்தில், என் கணவர் வீட்டுக் கோயிலில் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடி தினேஷுடையது. பத்தர் ஊசியை இறக்கியதும் குழந்தை வீறிட்டாள். கண்ணைத் துடைக்கக் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தேன்.

“வேணாம் தங்கச்சி! உன் கைக்குட்ட மட்டும் வேணாம்!” என்று அவன் கோயிலே அதிரக் கத்தினான்.

“இன்னா மச்சான், கைக்குட்டைல இன்னா?” என்றார் கணவர்.

தினேஷுக்குப் பொய் சொல்ல வராது. எல்லாம் வெளியே வந்தது. நான் கைக்குட்டையைக் கைப்பைக்குள்ளேயே திணித்தேன். கணவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

“அவனவன் ஆப்புல பொண்ணு தேடுறான். எனக்கு ஆப்புல மச்சான் கெடச்சிருக்கான்யா!”

அத்தனை வருடமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை அன்றுதான் விட்டேன். இப்போதெல்லாம் நான் மிளகாய் வறுத்து இருமினால் போதும், கூடத்திலிருந்து குரல் வருகிறது: “இன்னாம்மா, மச்சான் வரானா?”