கஞ்சிக்கோட்டுத் துறைமுகப் பண்பாடு

உலகின் மாபெரும் துறைமுக நகரங்களுக்கெல்லாம் ஒரு பலவீனம் உண்டு. அவை கடலை நம்பி இருக்கின்றன. மலையாள நாட்டின் எல்லையோரம் இருக்கும் எங்கள் கஞ்சிக்கோடு அப்படியல்ல. இங்கே இருப்பது ‘உலர் துறைமுகம்’. மலையடிவாரத்தில் ஒரு சுற்றுச்சுவர், ஒரு கிரேன், வரிசையாகக் கன்டெய்னர்கள். சரக்கை இங்கே அடைத்து முத்திரை வைத்து லாரியில் ஏற்றினால் கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏறும். உப்புக் காற்று கிடையாது. இரும்பு அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. நான் வேதியியல் படித்தவள்; இதை உறுதியாகச் சொல்லலாம்.

குறை ஒன்றே ஒன்றுதான். பண்பாடு இல்லை. ஆகவே ‘துறைமுகப் பண்பாட்டுக் கமிட்டி’ உருவானது. தலைவர் வேலுக்குட்டி. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு அறைகளை வாடகைக்கு விடுபவர்; ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர் என்ற அளவில் குடியேற்றத்தை நெருக்கமாக அறிந்தவர். துணைத்தலைவர் கல்பாத்தி நாணு ஐயர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். நான் இளைஞர் பிரதிநிதி. கை தூக்குவது என் பொறுப்பு.

கமிட்டி முதலில் கொச்சிக்கு ‘ஆய்வுப் பயணம்’ போனது. அங்கே ஓர் உண்மை தெரியவந்தது: வெளியூர்க்காரர்கள் வந்தார்கள், தங்கினார்கள், அவர்களுடைய சமையலும் பேச்சும் உள்ளூரோடு கலந்தன. அதுதான் துறைமுகப் பண்பாடு. திரும்பும்போது, அங்கே கரையோரம் கம்பங்களில் கட்டி மீன் பிடிக்கும் சீனவலை ஒன்றையும் வாங்கி வந்து துறைமுக வாசலில் நட்டோம். அதில் இதுவரை இரண்டு காக்கைகள் சிக்கியிருக்கின்றன.

கமிட்டி அறையில் மின்சாரம் போய்விட்டதால், அடுத்த கூட்டம் வாசலில் இருக்கும் காளியாத்தாளின் தோசைக் கடையில் நடந்தது.

“நம்மூருல கலப்புக்கு எங்கீங்க போறது?” என்று வேலுக்குட்டி கவலையோடு தோசையைப் பிய்த்தார். கடுகெண்ணெயில் முறுகிய தோசை. உள்ளே கருஞ்சீரகம் தாளித்த உருளைக்கிழங்கு; ஒடிசாவிலிருந்து வந்த சுமைத் தொழிலாளி சுதாம் கேட்டுக் கேட்டு வரவழைத்தது. தொட்டுக்கொள்ள மலையாளத்துச் சம்மந்தித் துவையல்.

“தேடித்தான் ஆகணும்,” என்றார் நாணு ஐயர். “இன்னொண்ணு முறுகலாப் போடுங்கோ.”

“ஏ சுதாமு, ஜல்தி வாடா கண்ணு! தோசை ஆறுது! பைசா பின்னே மதி!” என்று, காசு பிறகு தந்தால் போதும் என்பதையும் சேர்த்து, காளியாத்தாள் ஒரே மூச்சில் மூன்று மொழிகளில் கத்தினாள்.

“இந்தச் சத்தத்துல பண்பாட்டப் பத்தி எப்படீங்க பேசறது?” என்றார் தலைவர்.

“இவங்களும் வெளியூர்லருந்து வந்தவங்கதானே?” என்று மெதுவாகக் கேட்டேன்.

நாணு ஐயர் என்னைப் பரிவோடு பார்த்தார். “குழந்தே, எல்லைக்கு அந்தப் பக்கத்துலேருந்து நாங்க வந்து அறுநூறு வருஷம் ஆச்சு. அது குடியேற்றம். இவா போன ஓணத்துக்கு வந்தவா. இது கூட்டம்.”

இவ்வளவு துல்லியமான வரையறையை நான் எந்த ஆய்வுக்கூடத்திலும் கண்டதில்லை. கை தூக்கினேன். கடைப் புகை சீனவலையைக் கறுப்பாக்குவதால், வலையின் திறப்பு விழா முடிந்த மறுநாளே கடையை அகற்றுவது என்று ‘ஒருமனதாக’ முடிவானது.

“ஏனுங்க, இந்த அடுப்ப நம்பித்தானுங்க எம்பட ரெண்டு புள்ளைகளும் படிக்குது,” என்றாள் காளியாத்தாள்.

“ஊருக்காக விட்டுக்குடுக்கோணும் அம்மிணி,” என்றார் தலைவர்.

“மொதல்லயே சொல்லியிருந்தா உங்க தோசையக் கருக்கியே குடுத்திருப்பனுங்களே!”

விழாவுக்குப் பேராசிரியை எப்சிபா வந்தார். மூணாற்றுக்காரர்; டெல்லியில் துறைமுகங்களைப் பற்றி ஆராய்பவர். சீனவலையைப் பார்த்தார். காக்கைகளைப் பார்த்தார். கொச்சியிலிருந்து வரவேண்டிய பிரியாணி குதிரான் மலைச் சாலை நெரிசலில் நின்றிருந்தது. வரவேற்புரையின் நடுவே அவர் எழுந்து, கடுகெண்ணெய் வாசனை வந்த திசையில் நடந்தார். காளியாத்தாள் கடைப் பலகையில் சுதாமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தோசை சாப்பிட்டார்.

“இதத் தேடித்தான வந்தேன்! இதுதாங்க துறைமுகப் பண்பாடு. இத விட்றாதீங்க, காப்பாத்துங்க!” என்றார்.

காளியாத்தாள் முகத்தில் வெளிச்சம். கமிட்டி அசந்துபோனது, ஆனால் தயங்கவில்லை. பழைய தீர்மானத்தை அங்கேயே ரத்து செய்து, கடையைக் காப்பாற்றப் புதிய தீர்மானம் போட்டது. நான் இரண்டு கைகளையும் தூக்கினேன்.

ஒரே வாரத்தில் காப்பாற்றிவிட்டோம். ஒரு காலி கன்டெய்னருக்கு நீல வண்ணம் அடித்து, ஏசி பொருத்தி, அடுப்பு, தோசைக்கல், கரண்டி எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினோம். ‘தொடாதீர்கள்’ என்று மூன்று மொழிகளில் எழுதினோம். காளியாத்தாளுக்குப் பொன்னாடையும், தன் தோசைக்கல்லை ஆயுள் முழுக்க இலவசமாகப் பார்க்கும் அனுமதியும் வழங்கினோம்.

“கல்ல உள்ள வெச்சுப் பூட்டிப்போட்டா மாவ எங்கீங்க ஊத்தறது? இந்தப் பொன்னாட மேலீங்களா?” என்று கேட்டாள்.

“இனி அடுப்பெல்லாம் பத்த வெக்கப்படாதுங்க. பண்பாடு கெட்டுப்போயிரும்,” என்றார் தலைவர்.

அவள் நாங்கள் பூட்டத் தவறிய கரண்டி ஒன்றைப் பொன்னாடையில் சுருட்டிக்கொண்டு வாளையாற்றுக்குப் பஸ் ஏறினாள். அங்கே மாநில எல்லைக்கு அப்பால் புதுக் கல்லில் மாவு ஊற்றுவதாகக் கேள்வி. மதியத்தில் எங்கள் சுமைத் தொழிலாளிகள் அங்கே போய்விடுவதால், இங்கே அமைதி நிலவுகிறது. பண்பாட்டைப் பார்வையிட ஏற்ற நேரம்.

நேற்று சுதாம் வந்தான். டிக்கெட் வாங்கினான். கண்ணாடிக்கு முன்னால் நெடுநேரம் நின்று, அங்கிருந்த பலகையைப் படித்துச் சொல்லச் சொன்னான். படித்தேன்: ‘ஒரு காலத்தில் வெளியூர்களிலிருந்து வந்த மக்கள் இங்கே கூடி உணவருந்தினர்.’

“ஒரு காலத்துல இல்ல அக்கா,” என்றான். “போன செவ்வாக்கிழமை.”

அதற்குள் காவலாளி வந்து அவனை ஓரமாக நகர்த்திவிட்டார். பண்பாட்டை மறைத்துக்கொண்டு நின்றானாம்.