பாராட்டு எக்ஸ்டென்ஷன் அகற்றப்பட்ட வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கடுத்த மாபெரும் சாதனை, ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் மூன்றாவது மாடியில் ‘எக்ஸ்டென்ஷன் ஒழிப்பு உயர்மட்டக் குழு’ அமைக்கப்பட்டதுதான். கம்பெனியின் சொந்த லிஃப்ட் அன்று ஓடாததால், உறுப்பினர்கள் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்தார்கள்.

லிஃப்ட் பழுது என்று யார் இவர்களுக்கு எழுதினாலும், பத்தே நிமிடத்தில் போட்டிக் கம்பெனி அவருக்குப் போன் செய்துகொண்டிருந்தது. யாருடைய பிரவுசரிலோ ஒட்டிக்கொண்ட ஒரு குட்டி நிரல், அதாவது எக்ஸ்டென்ஷன்தான், தகவலைக் கடத்துகிறது என்றாள், கணினிப் பிரிவைத் தனியாளாகச் சுமக்கும் மௌஸ் அக்கா. முதலாளி அதை மனமார ஏற்றுக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கண்டுபிடிக்காவிட்டால் அவள் வேறு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையுடன் அறிவித்தார். அவள் வீட்டில் பிள்ளைகள் இரண்டு பேர் படிக்கிறார்கள்; கணவருக்கு முதுகு சரியில்லை.

குழு அசுர வேகத்தில் இயங்கியது. ஸ்டோர் கீப்பரின் பிரவுசரில் மாத்திரை நேரத்தை நினைவூட்டிய மணி எக்ஸ்டென்ஷன் ‘சந்தேகத்துக்குரியது’ என்று நீக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு டைப்பிஸ்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அலுவலக மரபுப்படி ஆய்வு கீழிருந்து மேலாக நடந்தது. மேலே போகப் போக மரியாதை கூடியது, ஆய்வு குறைந்தது. விற்பனை அதிகாரியின் கம்ப்யூட்டரை, அதன் திரையை அணைத்து வைத்தே பார்வையிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் முதலாளி அறையில் கூடினார்கள். குற்றவாளி அகப்படவில்லை. மௌஸ் அக்கா முதலாளியின் கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

“சார், ஒண்ணு பாக்கியிருக்கு. உங்களோடது.”

இப்படிக் கேட்பதே பாதுகாப்புக் குறைபாடு என்றார் விற்பனை அதிகாரி. ஆனால் அத்தனை பேர் எதிரில் மறுக்க முடியாமல், முதலாளி சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பினார். நேரம் பார்த்து அதில் ஒரு தங்கநிறப் பெட்டி மலர்ந்தது: ‘நீங்கள் பிறவித் தலைவர். இன்று நீங்கள் எடுக்கும் முடிவெல்லாம் சரியே.’

முதலாளியின் காது சிவந்துவிட்டது. “அது மணிக்கு ஒரு தடவை சொல்லும்மா. மனசுக்குக் கொஞ்சம் தெம்பா இருக்கும்.”

“இதுல தப்பான தகவல் எதுவும் இல்லையே சார்” என்றார் விற்பனை அதிகாரி.

அந்த எக்ஸ்டென்ஷனுக்கு முதலாளி கொடுத்திருந்த அனுமதியை மௌஸ் அக்கா உரக்கப் படித்தாள். வாடிக்கையாளர்களின் புகார்கள் உட்பட அவர் பார்க்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கலாம், வெளியே அனுப்பலாம். ஒரே ஒரு சொடுக்கில் அது ஒழிந்தது. அடுத்த வாரமே வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள். அவள் வேலையும் தப்பியது.

ஆனால் முதலாளி வாடிப்போனார். எந்தக் கோப்பிலும் கையெழுத்து விழவில்லை. உதிரி பாகத்துக்கு அனுமதி கிடைக்காமல் ஊரில் மூன்று லிஃப்ட்டுகள் பாதி வழியில் நின்றன. குழு அவசரமாகக் கூடி, ‘மேற்படிச் சேவையை இனி நம்பகமான பணியாளர்களைக் கொண்டு நேரடியாக வழங்குவது’ என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பத்து மணிக்கு விற்பனை அதிகாரி. அவர் சொன்ன விதத்தில் முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டதாம். பதினொன்றுக்கு ஸ்டோர் கீப்பர். நாலு மணி மௌஸ் அக்காவுக்கு.

அவள் போய் நின்றாள். “நீங்க பிறவித் தலைவர் சார். இன்னைக்கு நீங்க எடுக்கற முடிவெல்லாம் சரி.”

“கொஞ்சம் மனசாரச் சொல்லும்மா.”

வேலையை நினைத்துக்கொண்டு மனசாரச் சொன்னாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது.

முதலாளியின் முகம் தெளிந்தது. நாலு நாளாகத் தயங்கி ஒதுக்கி வைத்திருந்த ஒரு தாளை இழுத்து விறுவிறுவென்று கையெழுத்துப் போட்டார். தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளை அவள் கூட்டிப் படித்தாள்: மெக்கானிக்குகள் பதினோரு பேரை வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு.

“சார், இது...”

“எனக்கும் உறுத்தலாத்தான் இருந்துச்சும்மா. நீயே சரின்னு சொல்லிட்டியே.”

இன்று அந்தக் கம்பெனியின் எந்தக் கம்ப்யூட்டரிலும் தீங்கு செய்யும் எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட இல்லை. சான்றிதழை வாசலில் மாட்டியிருக்கிறார்கள். எஞ்சியிருப்பவை எல்லாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருகின்றன.