நாற்பத்தோரு பாஸ்வேர்டும் வாழைக்காய் பஜ்ஜியும்

படூர்,
14.8.2003

அன்பும் பாசமும் நிறைந்த மேரி அக்காவுக்கு, தம்பி தேவசகாயம் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் நான் நலம். கருங்குழியில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? நிற்க. பத்து நாளாக ஏன் போன் இல்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எனக்கு வேலை போகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போயிருக்க வேண்டியது.

எங்கள் கல்லூரியில் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ அழைப்பு இப்போதெல்லாம் தபாலில் வருவதில்லை, ஈமெயிலில்தான் வருகிறது. இதுகளோ பாஸ்வேர்டை ஹாஸ்டல் சோப்பு மாதிரி பொதுவில் வைத்துப் புழங்குகின்றன. போன மாதம் ஒரு பையனுக்கு வந்த அழைப்புக்கு, 'விருப்பமில்லை, எனக்குக் கல்யாணம்' என்று கூட்டாளி ஒருவன் விளையாட்டாகப் பதில் போட்டுவிட்டான். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "லேப் இன்சார்ஜ் நீங்கதானே, ஒரு மணி நேரம் புத்தி சொல்லுங்க" என்றார். நானும் போன திங்களுக்கு முந்தின திங்கள் நாற்பத்திரண்டு பேரை உட்காரவைத்து, பெத்த தாய்க்கும் சொல்லக்கூடாது, பேரை வைக்கக்கூடாது, பிறந்த தேதி வைக்கக்கூடாது, பிரவுசிங் சென்டரில் லாக் அவுட் பண்ணாமல் எழுந்திருக்கக்கூடாது என்று தொண்டை வறளப் பேசினேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். யாருடையது பலமாக இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்ற ஆசையில், "ஆளுக்கொரு பேப்பர்ல பேரும் பாஸ்வேர்டும் எழுதிக் குடுங்க" என்றேன் அக்கா. சத்தியமாக எனக்கு அப்போது உறைக்கவில்லை. நாற்பத்தோரு பேர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். கல்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஹரிப்ரியா என்ற பெண் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏம்மா, வாத்தியார் மேலகூட நம்பிக்கை இல்லையா?" என்று அதட்டினேன். "நீங்கதான் சார் பெத்த தாய்க்கும் சொல்லாதன்னீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், பாதிச் சிரிப்பில்தான் புரிந்தது.

சரி, கிழித்துப் போட்டுவிடலாம் என்று தாள்களை மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் மேசை பளிச்சென்று இருக்கிறது. பியூன் சின்னையனைக் கேட்டேன். "இன்னா சார் நீ, குப்ப மாரி கெடந்துச்சி, கேட்டாண்ட பஜ்ஜிக்கடைல குட்த்துட்டேன். நல்ல பேப்பர் சார், எண்ணய நல்லா இழுக்கும்" என்றான். ஓடினேன். எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி என் வகுப்பே நிற்கிறது! ஆளுக்கொரு வாழைக்காய் பஜ்ஜி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு, அதுவும் அடுத்தவனுடையது. இருபத்தாறு தாளைப் பிடுங்கினேன், மிச்சம் எந்த பஸ் ஏறி மாமல்லபுரம் போனதோ தெரியாது. மூன்று பையன்கள் 'ஹரிப்ரியா' என்றே பாஸ்வேர்டு வைத்திருந்தார்கள். அந்த மூன்று தாளும் கைமாறிக் கைமாறி அவளிடமே வந்து சேர்ந்தன. அவள் அசரவில்லை. "இந்த மூணு பேரையும் முதல்ல மாத்தச் சொல்லுங்க சார்" என்றாள்.

மறுநாள் காலை பத்துக்குள் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு வருகிறோம் என்று எல்லாரும் பதில் போட வேண்டும். எங்களுக்கோ ஒரே டெலிபோன் லைன், ஆபீசில் யாராவது ரிசீவரை எடுத்தால் இன்டர்நெட் அறுந்துபோகும். ஹரிப்ரியா போய் ஆபீஸ் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். பிரின்சிபாலையே தொட விடவில்லை. சாயங்கால பஸ் கிளம்புவதற்குள் நாற்பத்தோரு பேரும் மாற்றி முடித்தார்கள்.

காலை ஒன்பதேகாலுக்குப் பிரவின்குமார் வியர்த்து விறுவிறுத்து வந்தான். அந்த மூவரில் ஒருவன். அப்பா ஒப்பந்தக் கூலி, வீட்டிலேயே இவன்தான் முதலில் காலேஜ் படி மிதித்தவன். "சார், புது பாஸ்வேர்டு மறந்துட்சி சார்." இவனுக்கு வேலை கிடைக்காமல் போனால் அந்தப் பாவம் என் தலையில்தானே? மறந்தவர்களுக்கென்று ஒரு ரகசியக் கேள்வி உண்டு, கணக்குத் தொடங்கும்போது கொடுத்த பதிலைச் சொன்னால் திறக்கும். கேள்வி வந்தது: 'உனக்குப் பிடித்த ஆசிரியர் யார்?' நெஞ்சு நிறைந்துபோய் என் பெயரை நானே அடித்தேன். தவறு என்றது. எழுத்து மாறியிருக்குமோ என்று வேறு விதமாக அடித்தேன். மறுபடி தவறு. பையன் தலையைக் குனிந்துகொண்டு, "சார்... ஸ்ரீதேவி மேடம் சார்" என்றான். உடனே திறந்துகொண்டது. பதில் போனபோது பத்தாக ஏழு நிமிடம்.

நேற்று, வேலை கிடைத்துவிட்டதென்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் சார் எம்புள்ளக்கி வழி காட்ன" என்று அழுகிறார். அவரிடம் போய் பஜ்ஜிக் கதையை எப்படிச் சொல்வேன்? நானும் அழுதுவைத்தேன். ஹரிப்ரியாவுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் இரண்டாம் வருடத்துக்கு இந்தப் பாடத்தை அவள் எடுக்கிறாள், நான் கடைசி பெஞ்சில் உட்காரப் போகிறேன்.

அத்தானுக்கு என் வந்தனம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம். கர்த்தர் உங்கள் எல்லாரையும் கண்மணிபோல் காப்பாராக.

உன் தம்பி,
தேவசகாயம்

பி.கு.: இன்லேண்டின் உள்ளே இடம் தீர்ந்துவிட்டதால் இதை மட்டும் வெளிப்பக்கம், உன் விலாசத்துக்குக் கீழே எழுதுகிறேன். நானும் என் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். எனக்கு மறதி அதிகம், நீ ஞாபகம் வைத்துக்கொள்: மேரி1964, உன் பேரும் நீ பிறந்த வருஷமும். யாரிடமும் சொல்லிவிடாதே.