ஜானவாசத்துக்கு ஒரு கேம்ஷாஃப்ட்

இருபத்துநாலு வயதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கார் சத்தம். வண்டி எவ்வளவு வேகம் போகும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று யாராவது பேசினால் கொட்டாவி வரும். நின்ற இடத்தில் எஞ்சின் எப்படி உறுமுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தப் பழக்கத்தால் அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு தவில் வித்வானைக் கொல்லப் பார்த்தேன். (‘கொல்ல’ என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அவர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்.)

டாக்குரியாவில் எங்கள் கீழ்வீட்டுக்காரர், பெங்காலியான மித்ரா-தா (‘தா’ என்றால் அண்ணா). கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்த அவருடைய அப்பா, ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வாங்கிய பழைய அமெரிக்க வண்டி ஒன்று அவரிடம் இருந்தது. எட்டு சிலிண்டர், கியர் தானாக மாறும், மேல்மூடியை மடக்கிவிடலாம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் எடுப்பேன்.

அக்காவுக்கு நிச்சயமானதும், ஜானவாசத்துக்கு அந்த வண்டிதான் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, மேளதாளத்தோடு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு நடை வேகத்தில் அழைத்துவரும் ஊர்வலம். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு குறை. வண்டி தையல் மெஷின் மாதிரி சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

எஞ்சினின் குரல் கேம்ஷாஃப்ட்டில் இருக்கிறது. அது ஒரு தண்டு. அதன்மேல் உள்ள முட்டை வடிவ மேடுகள் சுழன்று வால்வுகளைத் திறந்து மூடும். மேடுகளைப் பெரிதாக்கினால், பெட்ரோல் உள்ளே வரும் வால்வும் புகை வெளியே போகும் வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போலத் திறந்திருக்கும். அப்போது மெதுவாக ஓடும் எஞ்சினுக்குள் புகை திரும்பி வந்து, ஒரு வெடிப்பு பலமாகவும் அடுத்தது சோனியாகவும் விழும். ‘டகு… டகடகு… ட… டகு’ என்று நொண்டும். அந்த நொண்டலுக்குத்தான் நான் அடிமை. போதாததற்கு, இரண்டு புகைக்குழாய்களையும் இணைத்துச் சத்தத்தைச் சமன்செய்யும் குறுக்குக்குழாயையும் சைலன்ஸரையும் கழற்றிவிட்டால், இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கத்தும்.

மித்ரா-தாவைத் தாஜா பண்ணி, பழைய கார்க் கடைகள் நிறைந்த மல்லிக்பஜாரில் ஒரு மெக்கானிக் மிஸ்திரியிடம் எல்லாவற்றையும் செய்ய வைத்தேன். மிஸ்திரி சொல்லத்தான் சொன்னார்: “பாபு, இந்தக் கேம் பறக்கற வண்டிக்கு, ஊர்ந்து போற வண்டிக்கு இல்ல. எஞ்சின் இழுக்கற காத்துலதான் பிரேக்குக்கு பலம். மெதுவாப் போனா இது காத்தே இழுக்காது.”

லேக் பக்கம் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. மிஸ்திரிக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். ஜானவாசம் நாற்பதில் போகாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஜானவாசத்தன்று சாயங்காலம் மண்டபத்திலிருந்து நான் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தாள். “நாளைலேர்ந்து நான் அவாத்துல இருக்கணும்டா. ஏடாகூடமா எதுவும் பண்ணிடாதே.”

“நீ பேசாம இரு. ஊரே திரும்பிப் பார்க்கப்போறது” என்றேன்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை, மாலையும் கோட்டுமாகப் பின்சீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்தார். மித்ரா-தா என் பக்கத்தில். சம்பந்தி மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, கார்க் கதவைப் பிடித்தபடி நடந்து வந்தார். முன்னால் நாதஸ்வரம். அதற்கும் காருக்கும் நடுவே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்திருந்த தவில் வித்வான். மாப்பிள்ளையைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தே வாசிப்பது அவர் வழக்கம்.

சாவியைத் திருப்பினேன். தெருவே அதிர்ந்தது. பூரித்துப்போனேன்.

அந்தப் பூரிப்பு சுமார் முப்பது அடி தூரம் நீடித்தது. நொண்டும் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்க மிஸ்திரி அதன் ஓட்டத்தைக் கூட்டி வைத்திருந்தார். அதனால் நான் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி முன்னால் தள்ளியது. பிரேக்கை மிதித்தேன், நின்றது. இரண்டாவது முறை அரைமனதாக நின்றது. மூன்றாவது முறை பிரேக் மிதிபடாத கருங்கல்லாகிவிட்டது; மிஸ்திரி சொன்ன காற்று தீர்ந்திருந்தது.

“தம்பி, இது என்ன தாளங்க?” என்று கத்தினார் வித்வான். “ஆதியும் இல்ல, சாப்பும் இல்ல. உங்க வண்டி என்னைத் தப்பு தப்பா அடிக்க வைக்குது!”

அவருக்குத் தாளம் பிரச்சினை. எனக்கோ அவர் வேட்டிக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டு அடிதான் இருந்தது. நியூட்ரலில் போட்டேன். பாரம் விட்ட எஞ்சின் இன்னும் ஆங்காரமாகக் கத்தியது. மறுபடி கியரில் போட்டதும் வண்டி துள்ளியது, அதற்குப் பயந்து அப்புறம் கியரைத் தொடவில்லை. கண்ணாடியில் மாப்பிள்ளையின் முகம் மறைந்து இரண்டு ஷூக்கள் தெரிந்தன.

“ஆஸ்தே, ஆஸ்தே!” என்றார் மித்ரா-தா. மெதுவாகப் போகத்தான் நானும் உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வித்வானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாசிப்பதை நிறுத்தாமல் பின்னோக்கி வேகமாக நடந்தார். பிறகு ஓடினார். நாதஸ்வரம் துரித காலத்துக்குத் தாவியது. சம்பந்தி மாமா அங்கவஸ்திரத்தை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். பட்டுப்புடவை மாமிகள் கொசுவத்தைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு ஓடினார்கள். “துர்க்கை சிலையைக் கரைக்கற விசர்ஜனத்துக்குக்கூட இப்படி ஓடமாட்டாங்களே” என்று முனகினார் மித்ரா-தா.

சாவியைத் திருப்பி அணைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அணைத்தால் சூட்டில் அது மறுபடி கிளம்பாது என்று சொல்லித்தான் பல வருடம் சமாளித்தேன். உண்மை அதுவல்ல. அணைத்தால் சத்தம் நின்றுவிடும். ஒரு மனிதர் என் கண்ணெதிரே உயிருக்காக ஓடும்போதும் எனக்கு அந்தச் சத்தத்தை விட மனசு வரவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது.

ஒரு மணி நேர ஊர்வலம் கால் மணியில் மண்டபத்தை எட்டியது. நாங்கள் அவ்வளவு சீக்கிரம் வருவோம் என்று யாருக்குத் தெரியும்? இரும்பு கேட் பூட்டிக் கிடந்தது. நாதஸ்வரக்காரர் ஒதுங்கிவிட்டார். வித்வானின் முதுகு கேட்டில் இடித்தது. அவருக்குப் பின்னால் இரும்பு, முன்னால் நான். கனத்த தவிலோடு அவரால் சட்டென்று விலகவும் முடியவில்லை. அவர் வாசிப்பதை நிறுத்தினார். அவர் கண்களைப் பார்த்தேன்.

சாவியைத் திருப்பினேன். இரண்டு காலாலும் பிரேக்கின்மேல் ஏறி நின்றேன். வண்டி சத்தமில்லாமல் உருண்டது. அவர் பக்கவாட்டில் திரும்ப, வண்டியின் மூக்கு தவிலின் தோலில் போய்த் தொட்டு நின்றது. ‘தோம்.’ அன்று முழுக்க என் வண்டி சுத்தமாகப் போட்ட ஒரே அடி அது.

பின்சீட்டுக்கு அடியிலிருந்து மாப்பிள்ளை தலையைத் தூக்கி, “அவருக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்கு இன்றுவரை பிடிக்கும்.

மண்டபத்து மாடி ஜன்னலில் அக்கா, பாதி பின்னிய ஜடையோடு நின்றாள். “முதல்ல அவர் கால்ல விழுடா!” என்று கத்தினாள்.

இறங்கிப் போய் மாப்பிள்ளையின் காலைத் தேடினேன்.

“அவர் இல்லடா, தடியா! தவில்காரர்!”

விழுந்தேன். வித்வானுக்கு மூச்சு வாங்கியது. என் தோளைப் பிடித்துத் தூக்கினார். “நாளைக்கு முகூர்த்தத்துக்கு வாசிக்கிறேன் தம்பி, அதுல குறை வைக்கமாட்டேன். ஆனா இனிமே உங்க வீட்டு ஊர்வலத்துல நான் காருக்குப் பின்னாலதான்.”

சம்பந்தி மாமா அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ரொம்ப நியாயம்” என்றார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கேம்ஷாஃப்ட் திரும்ப மல்லிக்பஜாருக்குப் போனது. வண்டி பழையபடி சாதுவாகிவிட்டது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் நாலு கல்யாணம் ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் அதே வித்வான்தான் வந்தார், காருக்குப் பின்னாலேயே நடந்தார். போன கல்யாணத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த புரோகிதர் குழம்பிப்போய், “மேளம் பின்னாடி வரதே, இது எந்த ஊர் வழக்கம்?” என்று கேட்டார்.

“இது இவாத்துப் பரம்பரைச் சம்பிரதாயம்” என்றார் அத்திம்பேர், அதாவது அன்றைய மாப்பிள்ளை, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

“அப்போ காருக்கு முன்னாடி ஒருத்தர் பின்பக்கமா நடந்து வராரே, அவர் யார்?”

நான்தான்.